பிள்ளை குறட்டை விடுகிறது: வீட்டிலேயே சோதித்துப் பார்த்தால் போதாதா?

பெரியவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைக்கு மட்டும் ஏன் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கவேண்டும் என்று சிங்கப்பூரில் நம் பெற்றோர் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிள்ளைகள் விஷயத்தில் வீட்டுச் சோதனை ‘இருக்கிறது’ என்று காட்டினால் பெரும்பாலும் நம்பலாம். ‘இல்லை’ என்று காட்டினால் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதன் விளக்கம்தான். இவை மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல.

குறட்டை விடுகிற பிள்ளைக்கெல்லாம் இந்த நோய் இருக்குமா?

இல்லை. குறட்டை விடும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் குறட்டை மட்டும்தான். 2004ல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு ஒன்றில், 100 பிள்ளைகளில் 28 பேர் எப்போதாவது குறட்டை விட்டார்கள், 6 பேர் வழக்கமாகவே விட்டார்கள். மூச்சடைப்பு நோய் பொதுவாக 100க்கு 1 முதல் 5 பிள்ளைகளுக்கு இருக்கிறது.

இரண்டு வயது முதல் எட்டு வயது வரைதான் இது அதிகம். அந்த வயதில் டான்சிலும் மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டும் தொண்டையின் அளவோடு ஒப்பிட்டால் ரொம்பப் பெரியதாக இருக்கும். மூக்கு ஒவ்வாமையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மேலே சொன்ன ஆய்விலும் ஆஸ்துமா, மூக்கு ஒவ்வாமை, தோல் அரிப்பு உள்ள பிள்ளைகளிடம்தான் குறட்டை அதிகம். நம் ஊர் ஈரக்காற்றில் மெத்தையிலும் தலையணையிலும் தூசிப்பூச்சிகள் சுகமாக வாழ்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

சளி இல்லாத நாட்களிலும் வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை வந்தால் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

குறட்டையைத் தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பிள்ளை ஆழ்ந்து தூங்கும்போது பனியனைத் தூக்கி நெஞ்சைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலே எழும்பி, நெஞ்சும் விலா எலும்புகளுக்கு நடுவில் உள்ள இடமும் உள்ளே குழிந்தால், அடைபட்ட குழாய் வழியாகக் காற்றை இழுக்க உடம்பு பாடுபடுகிறது என்று அர்த்தம். குறட்டை திடீரென நின்று, வயிறு மட்டும் அசைந்து, அப்புறம் ஒரு விக்கலோ திணறலோ போட்டு மறுபடி குறட்டை தொடங்குவது இன்னும் தெளிவான அறிகுறி.

கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு தூங்குவது, ஏர்கான் ஓடியும் தலையணை வியர்வையில் நனைந்திருப்பது, நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வருவது, காலையில் தலைவலி என்று எழுவது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பகல் நேரத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் எம்ஆர்டியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவார்கள். பிள்ளைகளோ பல சமயம் அதற்கு நேர்மாறாக, ஓரிடத்தில் உட்காராமல் ஓடுவார்கள், எரிந்துவிழுவார்கள், பாடத்தில் மனம் வைக்கமாட்டார்கள். “வகுப்பில் கவனமே இல்லை” என்று ஆசிரியர் சொன்னால், அது குறும்பா, கவனக்குறைவுக் கோளாறா என்று முடிவுகட்டும் முன் இரவில் அந்தப் பிள்ளை எப்படித் தூங்குகிறது என்று யாராவது கேட்கவேண்டும். பல வீடுகளில் பிள்ளையோடு படுப்பது பாட்டியோ பணிப்பெண்ணோதான். அவர்களைக் கேட்டால் பெற்றோருக்குத் தெரியாத விவரமெல்லாம் வரும்.

வீட்டுச் சோதனை என்று எதைச் சொல்கிறார்கள்?

இரண்டு மூன்று விதங்கள் உண்டு. ஒன்று, விரலிலோ கால் பெருவிரலிலோ ஒட்டி ராத்திரி முழுக்க ஆக்சிஜன் அளவையும் நாடித்துடிப்பையும் பதிவுசெய்யும் ஆக்சிமீட்டர். இன்னொன்று, அதோடு மூக்கில் காற்றோட்டத்தை அளக்கும் மெல்லிய குழாயும், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டைகளும் சேர்ந்த பெட்டி. பெரியவர்களுக்குக் கொடுத்தனுப்புவது பெரும்பாலும் இதுதான். மணிக்கட்டிலும் விரலிலும் மாட்டும் இன்னொரு வகைக்கு அமெரிக்காவில் 12 வயது முதல் அனுமதி இருக்கிறது.

பிள்ளைகளுக்கு இது ஏன் போதாது?

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017ல், பிள்ளைகளுக்கு இந்த நோயை உறுதிப்படுத்த வீட்டுச் சோதனையைப் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு வீட்டில் செய்கிறார்கள். ஆனால் அங்கேயும் மருத்துவமனை கொடுக்கும் கருவி, அங்கேயே படிக்கப்படும் பதிவு. கடையில் வாங்கிய சாமான் அல்ல.

காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பெரியவருக்கு மூச்சு 10 விநாடி நின்றால்தான் கணக்கில் சேரும். பிள்ளைக்கு இரண்டு மூச்சு விடும் நேரம் நின்றாலே கணக்கு. பெரியவர்களுக்காகச் செய்த கருவி இவ்வளவு குறுகிய அடைப்பைப் பிடிக்காமல் விட்டுவிடலாம்.

அடுத்தது தூக்கம். வீட்டுப் பெட்டியில் பெரும்பாலும் மூளை அலைகளைப் பதிவுசெய்யும் வசதி இருக்காது. பிள்ளை தூங்குகிறதா, கண்ணை மூடிக்கொண்டு சும்மா படுத்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. எட்டு மணி நேரப் பதிவில் ஆறு மணி நேரம்தான் தூக்கம் என்றாலும், மணிக்கு எத்தனை அடைப்பு என்று கணக்குப்போட, அடைப்புகளை எட்டால்தான் வகுக்கும். விடை குறைவாக வரும். ஆக்சிஜன் இறங்காமல், தூக்கத்தை மட்டும் கலைத்துவிட்டுப் போகும் அடைப்புகளோ கணக்கிலேயே வராது. பிள்ளைகளிடம் அந்த மாதிரி அடைப்புகள் நிறைய.

கரியமில வாயுவும் அளக்கப்படாது. சில பிள்ளைகளுக்கு மூச்சு முழுசாக நிற்பதே இல்லை. மணிக்கணக்கில் பாதி அடைபட்ட மூச்சாகவே ஓடும், உடம்பில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். ஆஸ்பத்திரிச் சோதனையில் அது தெரிந்துவிடும்.

கடைசிக் காரணம் எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்ததே. நாலு வயதுப் பிள்ளை மூக்கில் குழாயை விட்டுவைக்குமா? பிள்ளைகளுக்கு அடைப்பு பெரும்பாலும் கனவுத் தூக்கத்தில் வரும், அது பின்னிரவில்தான் அதிகம். குழாய் நள்ளிரவில் கழன்றுவிட்டால், பார்க்கவேண்டிய நேரம் பதிவாகியே இருக்காது.

அப்படியென்றால் இரவு முழுக்கப் பதிவாகும் ஆக்சிமீட்டருக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும். கனடாவின் மொன்ட்ரியால் நகரில் 2000ல் வெளியான ஓர் ஆய்வில், வேறு நோய் இல்லாத, மூச்சடைப்புச் சந்தேகமுள்ள 349 பிள்ளைகளின் ஆக்சிமீட்டர் பதிவை, இரவு முழுக்கச் செய்யும் முழுச் சோதனையோடு ஒப்பிட்டார்கள். ஆக்சிஜன் கொத்துக் கொத்தாக இறங்கியது தெளிவாகத் தெரிந்த 93 பேரில் 90 பேருக்கு நோய் இருந்தது. அபாரமான கணக்கு. ஆனால் பதிவில் ஒன்றும் தெளிவாகத் தெரியாத மீதி 256 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும் நோய் இருந்தது!

எனவே மருத்துவர் ஆக்சிமீட்டர் பதிவு எடுக்கச் சொன்னால் தயங்காமல் எடுங்கள். மோசமாக வந்தால் வரிசையில் உங்கள் பிள்ளையை முன்னால் கொண்டுவர அது உதவும். நன்றாக வந்தால், “அப்பாடா, ஒன்றுமில்லை” என்று அடுத்த சந்திப்பை மட்டும் ரத்து செய்துவிடாதீர்கள்.

கொவிட் காலத்தில் வீட்டுக்கு வந்த ஆக்சிமீட்டர் இன்னும் இழுப்பறையில் இருக்கிறது. அதை மாட்டிப் பார்க்கலாமா?

2021ல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்ததைத்தான் சொல்கிறீர்கள். அது பெரியவர் விழித்திருக்கும்போது ஒரு தடவை அளந்து பார்க்க. ராத்திரி முழுக்கப் பதிவுசெய்யாது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஆக்சிஜன் எப்படி ஏறி இறங்கியது என்றும் காட்டாது. சின்ன விரலில் சரியாக உட்காராது, பிள்ளை புரண்டால் எண் தாறுமாறாக ஓடும். இரவு இரண்டு மணிக்கு 88 என்று பார்த்துப் பதறுவதும், அடுத்த நிமிடம் 98 என்று பார்த்து நிம்மதியாவதும் இரண்டுமே வீண்.

நமக்கென்று ஒன்று. கறுத்த தோலில் ஆக்சிமீட்டர்கள் உண்மையான அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021ல் எச்சரித்தது. நம் பிள்ளைகளின் ‘நல்ல’ எண்ணை அந்த நினைப்போடுதான் பார்க்கவேண்டும். மருத்துவமனை கொடுத்த கருவியாகவே இருந்தாலும், மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத விரலில் மாட்டுங்கள். தீபாவளிக்கு இரண்டு கையும் சிவந்திருந்தால் கால்விரல் இருக்கவே இருக்கிறது.

ஸ்மார்ட் வாட்ச், குறட்டை ஆப் எல்லாம்?

ஆப்பிள் வாட்ச்சில் 2024ல் வந்த மூச்சடைப்பு எச்சரிக்கை வசதி 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். மற்ற கடிகாரங்களிலும் இந்த வசதி பெரியவர்களை வைத்துத்தான் உருவாக்கப்பட்டது. பிள்ளையின் வயதை 25 என்று பதிந்து ஏமாற்றினால் ஏமாறுவது கடிகாரம் இல்லை. குறட்டை ஆப் சத்தத்தைச் சேமித்துவைக்கும் அளவில் பயன்படும், அது போடும் மதிப்பெண்ணைத் தள்ளிவிடுங்கள்.

சரி, வீட்டில் உருப்படியாக என்னதான் செய்யலாம்?

வீடியோ எடுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று, ஆலோசனை அறையில் பத்து நிமிடம் விளக்குவதைவிட மேலானது. “திணறுகிற மாதிரி இருக்கும் டாக்டர்” என்று சொல்வது வேறு, அவரே பார்ப்பது வேறு.

எப்படி எடுப்பது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இருட்டில், போர்வைக்கு மேலே, ஐந்து விநாடி எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாது. போர்வையை விலக்கி, சட்டையை நெஞ்சு தெரிய ஏற்றிவிடுங்கள். படுக்கை விளக்கு ஒன்று எரியட்டும். முகம், கழுத்து, நெஞ்சு, வயிறு நான்கும் ஒரே சட்டத்துக்குள் வரட்டும். கையை ஆட்டாமல் இரண்டு மூன்று நிமிடம் எடுங்கள். மின்விசிறியும் ஏர்கானும் இரைச்சல் போட்டால் அந்த நேரத்துக்கு அணைத்துவிடுங்கள், மூச்சின் சத்தம் கேட்கவேண்டும். தூங்கிய உடனே எடுத்தது ஒன்று, விடியற்காலை நான்கு ஐந்து மணிக்கு எடுத்தது ஒன்று. பின்னிரவுக் காட்சிதான் பெரும்பாலும் மோசமாக இருக்கும். சளி, காய்ச்சல் இல்லாத வாரமாகப் பாருங்கள்.

இன்னொன்று, இரண்டு வாரத் தூக்கக் குறிப்பு. எத்தனை மணிக்குப் படுத்தது, எழுந்தது, குறட்டை, படுக்கை நனைந்ததா, காலையில் எழுப்பப் பட்ட பாடு. இது ஒரு பயனுள்ள உண்மையையும் வெளியே கொண்டுவரும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் தேவை. துணைப்பாடம், இணைப்பாடம், வீட்டுப்பாடம் எல்லாம் முடித்துப் பத்தரைக்குப் படுத்து, பள்ளிப் பேருந்துக்காக ஐந்தே முக்காலுக்கு எழுந்தால் எவ்வளவு வருகிறது? சோர்வுக்கு மூச்சடைப்பு காரணமா, தூக்கமே போதவில்லையா என்று பிரித்துப் பார்க்க அந்தக் குறிப்பு இல்லாமல் மருத்துவருக்கும் கஷ்டம்.

சிங்கப்பூரில் முதலில் யாரிடம் போவது?

பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ தொடங்குங்கள். பிள்ளைகளுக்கான தூக்கப் பிரிவு கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இருக்கிறது. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம் கிடைக்கும், நிரந்தரவாசிக்கு மானியம் கொஞ்சம் குறைவு. வேலை அனுமதியில் இருக்கும் பெற்றோரின் பிள்ளைக்கு முழுக் கட்டணம். நேரே தனியார் நிபுணரிடம் போனால் விரைவில் பார்ப்பார்கள், செலவு கூடும்.

பெற்றோரின் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பிள்ளைக்காகப் பயன்படுத்தலாம், டான்சில் அறுவை சிகிச்சை அதில் அடங்கும். தூக்கச் சோதனைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதைப் பதிவுசெய்யும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் பணம் மிச்சமிருந்தால், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிலையங்களில் அதையும் கொடுக்கலாம். சிலர் அதைப் பாலர் பள்ளிக்கு மட்டும் என்று நினைத்து மறந்தேவிடுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அந்த ஒரு ராத்திரி எப்படி இருக்கும்?

வலி கிடையாது, ஊசி கிடையாது. தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் சின்னச் சின்ன ஒட்டுகள், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, மூக்கடியில் குழாய், விரலில் சிவப்பு விளக்கு. அறையில் கேமரா. பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம். பக்கத்து அறையில் இரவு முழுக்க ஒருவர் விழித்திருந்து, கழன்றதை ஒட்டிக்கொண்டே இருப்பார். வீட்டில் இல்லாதது இந்த ஆள்தான்.

அன்றைக்குப் பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். ஒரு துளி தேங்காய் எண்ணெய் இருந்தாலும் ஒட்டு நிற்காது, அரை மணி நேரம் தேய்த்துத் துடைக்கவேண்டி வரும், அதற்குள் பிள்ளை அழத் தொடங்கிவிடும். ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, முடியை நன்றாகக் காயவைத்து அழைத்துப் போங்கள். நீள முடியைத் தளர்வாகப் பின்னிவிட்டால் போதும். நெற்றியில் பொட்டும் திருநீறும் அந்த ஒரு ராத்திரிக்கு வேண்டாம். வழக்கமாகக் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையோ பழைய தலையணையோ கட்டாயம் போகவேண்டும். மதியத் தூக்கம் வேண்டாம், தேநீரும் சாக்லேட்டும் வேண்டாம். காய்ச்சல், சளி வந்தால் தேதியை மாற்றிக் கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் 4 என்று வந்திருக்கிறது. இணையத்தில் 5க்குக் கீழே இயல்பு என்கிறதே?

அது பெரியவர்களுக்கு. மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதுதான் அந்த எண். பெரியவருக்கு 5 வரை விட்டுவிடுவார்கள், பிள்ளைக்கு 1க்கு மேல் போனாலே இயல்பு அல்ல. பொதுவாக 1 முதல் 5 வரை லேசானது, 5 முதல் 10 நடுத்தரம், 10க்கு மேல் கடுமை. பெரியவர்களுக்கான கருவி, 4.2 என்று அளந்துவிட்டுப் பச்சை நிறத்தில் ‘இயல்பு’ என்று அச்சடித்துக் கொடுக்கும். அந்தத் தாளை நம்பி ஒரு வருடம் சும்மா இருக்கும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே எந்த அளவுகோலில் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள்.

எந்தப் பிள்ளைகளுக்கு வீட்டுச் சோதனையைப் பற்றி யோசிக்கவே கூடாது?

டவுன் சின்ட்ரோம், தசை பலவீனம், முக எலும்பு அமைப்பில் கோளாறு, இதய நோய், அதிக உடல் பருமன் உள்ள பிள்ளைகள். டவுன் சின்ட்ரோம் பிள்ளைக்கு அறிகுறி இருக்கிறதோ இல்லையோ, நான்கு வயதுக்குள் முழுச் சோதனை செய்துவிட வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை.

கைக்குழந்தைக்கு, காலில் சாக்ஸ் மாதிரி மாட்டும் கருவி வாங்கலாமா?

வேண்டாம். கைக்குழந்தை தூக்கத்தில் திடீரென இறந்துபோகும் தொட்டில் மரணத்தை இவை தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கைக்குழந்தை மூச்சை நிறுத்தி நீலம் பாய்ந்தாலோ துவண்டுபோனாலோ கருவியைத் தேடாமல் 995ஐ அழையுங்கள்.

“வளர்ந்தால் சரியாகிவிடும், இவன் அப்பாவும் இப்படித்தான்” என்கிறார் மாமியார்.

மாமியார் முழுக்கத் தவறு இல்லை. அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுள்ள 464 பிள்ளைகளை வைத்து 2013ல் வெளியான ஆய்வில், டான்சில், அடினாய்டு எடுக்காமல் கவனித்துவந்த பிள்ளைகளில் 46 விழுக்காட்டினருக்கு ஏழு மாதத்தில் சோதனை முடிவு இயல்பானது. அறுவை சிகிச்சை செய்தவர்களில் அது 79 விழுக்காடு. கவனச் சோதனை மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நடத்தையும் அன்றாட வாழ்க்கையும் அறுவை சிகிச்சைக் குழுவில் தெளிவாக மேம்பட்டன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் முழுச் சோதனை செய்து, ஆக்சிஜன் ரொம்ப இறங்கவில்லை என்று உறுதியான பிறகுதான் காத்திருக்க வைக்கப்பட்டார்கள். அளக்காமல் காத்திருப்பது வேறு விஷயம்.

லேசாக இருந்தால் ஸ்பிரே போதுமா? வாயில் டேப் ஒட்டலாமா?

லேசான அடைப்புக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைச் சில வாரம் கொடுத்துப் பார்ப்பதுண்டு. சிலருக்கு ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் மோன்டிலுகாஸ்ட் மாத்திரையும் தருவார்கள். அதைச் சாப்பிடும் பிள்ளை திடீரென எரிச்சல், கெட்ட கனவு, மனச்சோர்வு என்று மாறினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். வாயில் டேப் மட்டும் ஒட்டவே கூடாது. மூக்கு அடைத்திருக்கும் பிள்ளைக்கு வாய்தான் ஒரே வழி.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா?

வீக்கம் வற்றும்வரை குறட்டை தொடரலாம், அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். முன்பு கடுமையாக இருந்தவர்கள், பருமனானவர்கள், குறட்டை போகாதவர்கள் ஆகியோருக்குச் சில வாரங்கள் கழித்து மறுபடியும் முழுச் சோதனை செய்வார்கள். பருமனான பிள்ளைகளில் பலருக்கு அடைப்பு மிச்சமிருப்பதுண்டு, அப்போது எடைக் குறைப்பும், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் கருவியும் பேச்சுக்கு வரும்.

வலிக்கு மருத்துவர் எழுதியதை மட்டும் கொடுங்கள். வீட்டில் கிடக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்து கூடவே கூடாது, டான்சில் எடுத்த பிள்ளைகளுக்கு அது மூச்சையே நிறுத்தியிருக்கிறது. முதல் இரண்டு வாரத்தில் வாயிலிருந்து புது ரத்தம் வந்தால், கொஞ்சமாக இருந்தாலும், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.